விலகிப் பறக்க ஓர் அளவு பிறந்த கதை

முன்னால் ஆளில்லா விமானம் போகும். அதன் பின்னாலேயே ஆள் ஏறிய இன்னொரு விமானம் போகும். அமெரிக்காவில் பெரிய ஆளில்லா விமானங்களைப் பொது வான்வெளிக்குள் கொண்டுபோகப் பல ஆண்டுகள் கையாண்ட வழிகளில் இதுவும் ஒன்று. பின்னால் போகும் விமானிக்கு ஒரே வேலைதான். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே வரவேண்டும்; வேறு விமானம் தென்பட்டால், தரையில் திரைமுன் உட்கார்ந்திருப்பவருக்கு ரேடியோவில் சொல்லவேண்டும். காவல் விமானம் இல்லாத இடத்தில் தரையில் ஆட்களை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். அதுவும் முடியாதபோது, மற்றவர்கள் அந்தப் பக்கமே வராதபடி வான்வெளியை மூடினார்கள்.

காட்டுத்தீயின் வரைபடம் எடுக்கவும் எல்லையைக் கண்காணிக்கவும் இருபது மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்கும் விமானம் இது. சில மணி நேரத்தில் எரிபொருள் தீர்ந்துபோகிற விமானம் அதற்கு எப்படிக் காவல் போக முடியும்? இந்தக் கட்டு அவிழ்ந்த கதையில் ரேடார் உண்டு, கணினி உண்டு, செயற்கைக்கோள் உண்டு. ஆனால் முடிச்சு விழுந்திருந்தது ஒரு பழைய சட்ட விதியில்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 91.113 என்ற விதி, வானில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று வகுக்கிறது. வானிலை இடம்கொடுக்கும் நேரங்களில் ஒவ்வொரு விமானியும் மற்ற விமானங்களைக் கண்ணால் பார்த்து விலக வேண்டும். முன்னுரிமை உள்ள விமானத்துக்கு மேலேயோ கீழேயோ முன்னாலேயோ போதிய விலகல் இல்லாமல் கடக்கக் கூடாது. போதிய விலகல் என்றால் எத்தனை அடி? விதியில் இல்லை. எதிரே வரும் லாரிக்கு எவ்வளவு ஒதுங்கினால் போதும் என்று ஓட்டுநருக்குத் தெரிவதுபோல விமானிக்கும் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். காக்பிட்டில் ஒரு ஜோடிக் கண் இருந்தவரை அது போதுமானதாகத் தெரிந்தது.

உண்மையில் அந்தக் கண்ணும் நம்பகமானதாக இல்லை. எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குத் தரும் ஓர் அறிவுரை ஏட்டில் சிறிய அட்டவணை ஒன்று இருக்கிறது. பொருள் கண்ணில் பட 0.1 விநாடி. அது விமானம் என்று அடையாளம் காண 1 விநாடி. அது தன்மேல் மோத வருகிறது என்று உணர 5 விநாடி. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 விநாடி. கை அசைய 0.4 விநாடி. விமானம் திரும்பத் தொடங்க 2 விநாடி. கூட்டினால் 12.5 விநாடி. தலைக்கு 250 நாட் வேகத்தில் நேருக்கு நேர் வரும் இரண்டு விமானங்கள் அந்த 12.5 விநாடிக்குள் ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர் நெருங்கிவிடும். அத்தனை தூரத்தில் ஒரு சிறிய விமானம் வெறும் புள்ளி. இதைவிடப் பெரிய கொடுமை, மோதும் பாதையில் வருகிற விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். நகரும் பொருளைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். நம்மைக் கொல்ல வரும் விமானமோ நகராமல் மெல்லப் பெரிதாகிக்கொண்டிருக்கும்.

1956 ஜூன் 30 அன்று காலை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு பயணிகள் விமானங்கள் கிளம்பின. டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் சூப்பர் கான்ஸ்டலேஷன் கான்ஸஸ் சிட்டிக்கு, யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-7 சிகாகோவுக்கு. டி.டபிள்யூ.ஏ. விமானி 21,000 அடி உயரம் கேட்டார். அந்த உயரம் யுனைடெட்டுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால் மறுக்கப்பட்டது. மேகத்துக்கு 1,000 அடி மேலே பறக்க அனுமதி கேட்டார், கிடைத்தது. அப்படிப் பறந்ததில் அவரும் 21,000 அடிக்கே வந்து சேர்ந்தார். அந்த ஏற்பாட்டின்படி விலகுவது விமானிகளின் கண்ணுக்கு விடப்பட்ட பொறுப்பு. கிராண்ட் கேன்யனுக்கு மேலே மேகக் கூட்டங்களுக்கு இடையில் இரண்டும் மோதின. 128 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எஃப்.ஏ.ஏ. என்ற அமைப்பு 1958-இல் உருவாவதற்குப் பெரிய காரணம் இந்த விபத்து.

கண்ணுக்குத் துணையாக ஒரு கருவி வேண்டும் என்ற தேடலுக்கு வழிகாட்டியவர் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜே. எஸ். மாரல். இரண்டு விமானங்களுக்கு இடையே எத்தனை அடி இருக்கிறது என்பதைவிட, எத்தனை விநாடி இருக்கிறது என்பதே ஆபத்தைக் காட்டும் என்றார் அவர். இடைத்தூரத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் அந்த விநாடி கிடைக்கும். இந்தக் கணக்கு கருவியாகிக் கட்டாயமாவதற்குள் பல உயிர்கள் போயின. 1978-இல் சான் டியேகோவுக்கு மேலே ஒரு மோதல். 1986-இல் கலிஃபோர்னியாவின் செரிட்டோஸ், 82 பேர். அதன் பிறகுதான் டீகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் 1993 முடிவுக்குள் பொருத்த வேண்டும் என்று அமெரிக்கா உத்தரவிட்டது. நமக்கு அந்தப் பாடம் 1996 நவம்பர் 12 அன்று வந்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். வானில் நடந்த மோதல்களில் இன்றுவரை மிகக் கொடியது அதுதான். அன்று டெல்லிக் கட்டுப்பாட்டாளரின் ரேடார் திரையில் விமானங்களின் உயரம் தெரியாது. அதற்குப் பின் இந்தியாவும் டீகாஸைக் கட்டாயமாக்கியது.

டீகாஸ் மிக நல்ல கருவி. ஆனால் அது எதிர் விமானத்தில் இருக்கும், தன் இருப்பைச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியோடு பேசித்தான் வேலை செய்யும். டிரான்ஸ்பாண்டர் இல்லாத கிளைடரும் பலூனும் பழைய சிறு விமானமும் அதற்குத் தெரியாது. அவற்றைப் பார்க்கக் காக்பிட்டில் ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல்தான் மொத்த ஏற்பாடும் நின்றது.

அந்த ஆளே இல்லாத விமானங்கள் 1990-களிலிருந்து போர்முனைகளில் பெருகின. 2004 ஆகஸ்டில் காபூல் அருகே ஜெர்மன் ராணுவத்தின் லூனா என்ற சிறிய ஆளில்லா விமானம், நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்த அரியானா ஆப்கன் ஏர்பஸ்ஸை உரசும் தூரத்தில் கடந்தது. 2011 ஆகஸ்டில் அதே ஆப்கானிஸ்தானில் அமெரிக்காவின் ஷேடோ ஆளில்லா விமானம் சி-130 சரக்கு விமானத்தின் இறக்கையில் மோதியது. சி-130 எப்படியோ பத்திரமாக இறங்கியது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது, மோதலே இல்லாத ஒரு விபத்து. 2006 ஏப்ரல் 25, விடியலுக்கு முன். அமெரிக்க எல்லைக் காவல் துறையின் பிரிடேட்டர்-பி விமானம் அரிசோனாவின் நோகாலஸ் அருகே எல்லையோரம் பறந்துகொண்டிருந்தது. தரைநிலையத்தில் ஒரே மாதிரியான இரண்டு மேசைகள். ஒன்றில் விமானி, மற்றதில் கேமரா இயக்குபவர். விமானியின் திரை உறைந்துபோனதும் கட்டுப்பாட்டை அடுத்த மேசைக்கு மாற்றினார்கள். இரண்டு மேசையிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரியான நெம்புகோல் இருந்தது. கேமரா வேலையில் அது லென்ஸின் கண்மணியைத் திறந்து மூடும்; விமானி வேலையில் அதே நெம்புகோல் எஞ்சினுக்கு எரிபொருளைத் திறந்து மூடும். மாற்றும் முன் இரண்டு நெம்புகோல்களும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அது நடக்கவில்லை. கேமராவுக்காக வைத்திருந்த நிலை, எஞ்சினுக்கு எரிபொருளை நிறுத்தும் நிலை. எஞ்சின் நின்றது. மின்சாரத்தை மிச்சப்படுத்த விமானம் தானாகச் சில கருவிகளை அணைத்தது. அவற்றில் டிரான்ஸ்பாண்டரும் ஒன்று. எஞ்சின் இல்லாமல், இருட்டில், தான் இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாமல் அது தாழ்ந்துகொண்டே போய்த் தரையில் விழுந்தது. வழியில் வேறு விமானமும் விழுந்த இடத்தில் மனிதர்களும் இல்லாதது அதிர்ஷ்டம்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்த முதல் ஆளில்லா விமான விபத்து இது. விசாரணையின் முடிவில் 22 பரிந்துரைகள் வந்தன. ஆளில்லா விமானத்துக்கும் விமானி உண்டு, அவர் வேறு இடத்தில் இருக்கிறார் என்ற உண்மை அந்தக் கோப்பில் அழுத்தமாகப் பதிவானது என்று நினைக்கிறேன். வேறு இடத்தில் இருப்பவருக்கு எஞ்சின் நின்ற சத்தம் கேட்காது, இருக்கை அதிராது. செயற்கைக்கோள் வழியே படம் கீழே வந்து கட்டளை மேலே போக, சமிக்ஞை 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். கருவிகளின் தாமதமும் சேர்ந்தால் ஒரு விநாடிக்கு மேலேயே ஆகிவிடும். இணைப்பு முற்றிலும் அறுந்துபோனால், முன்கூட்டியே ஊட்டப்பட்ட பாதையில் விமானம் தானாகவே திரும்ப வேண்டும்.

அப்படியானால் கண்ணுக்குப் பதில் ரேடாரைப் பொருத்தினால் போதாதா? பொறியாளர்கள் அங்கேதான் தொடங்கினார்கள். தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஆர்.டி.சி.ஏ. என்ற அமைப்பு 2004-இலேயே இதற்கென ஒரு குழு அமைத்தது. சில ஆண்டுகளிலேயே அது சிக்கலில் மாட்டிக்கொண்டது. எத்தனை கிலோமீட்டர் பார்க்கும் ரேடார் வேண்டும்? அது எப்போது எச்சரிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. எப்போது எச்சரிக்க வேண்டும்? எவ்வளவு விலக வேண்டும் என்பதைப் பொறுத்தது. எவ்வளவு விலக வேண்டும்? சட்டத்தைத் திறந்தால், போதிய விலகல் என்று மட்டும் இருக்கிறது. மனித விமானி தன் மதிப்பீட்டால் நிரப்பிய அந்த இடத்தை ஒரு கணினி நிரலால் நிரப்ப முடியாது. அதற்கு எண் வேண்டும். எஃப்.ஏ.ஏ. கூட்டிய நிபுணர்களின் பட்டறை 2009-இல் இந்தத் தேவையை வெளிப்படையாகவே எழுதிவைத்தது.

எண்ணைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு பாதுகாப்புத் துறை, எஃப்.ஏ.ஏ., நாசா, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய ஓர் அறிவியல் குழுவிடம் வந்தது. அவர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. விமானிகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு எண் கேட்டுச் சராசரி எடுத்திருக்கலாம், செய்யவில்லை. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் நாட்டின் பல ரேடார்களில் பல மாதங்கள் பதிவானவற்றைத் திரட்டி, அமெரிக்க வானில் விமானங்கள் உண்மையில் எப்படித் திரும்புகின்றன, ஏறுகின்றன, இறங்குகின்றன என்பதைப் புள்ளியியல் மாதிரியாக ஆக்கியிருந்தது. அந்த மாதிரியிலிருந்து லட்சக்கணக்கான கற்பனைச் சந்திப்புகளைக் கணினியில் ஓடவிட்டார்கள். கேட்ட கேள்வி இது: ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இன்னொரு விமானம் நுழைந்துவிட்டது, அதன்பின் யாருமே எதுவும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டால், பக்கவாட்டில் 500 அடிக்குள்ளும் உயரத்தில் 100 அடிக்குள்ளும் வந்து மயிரிழையில் தப்பும் நிலை எத்தனை தடவை நேர்கிறது? அது மிக அபூர்வமாக நேரும்படி எல்லையை வரைய வேண்டும். எல்லையை மிகப் பெரிதாக வரைந்தால் ஆளில்லா விமானம் நாள் முழுக்கத் தேவையில்லாமல் விலகி விலகிக் கட்டுப்பாட்டாளர்களின் உயிரை வாங்கும். மிகச் சிறிதாக வரைந்தால் எதிர் விமானத்தின் டீகாஸ் அலறி, அதிலிருக்கும் பயணிகள் விமானி அவசரமாக ஏறவோ இறங்கவோ நேரும்.

மூன்று அமைப்புகள் மூன்று வரையறைகளை முன்வைத்தன. 2014-இல் குழு பரிந்துரைத்தது இது: பக்கவாட்டில் 4,000 அடி, உயரத்தில் 700 அடி, நேரத்தில் 35 விநாடி. நேரக் கணக்கின் அடியில் மாரலின் பழைய யோசனைதான் இருந்தது, ஒரு திருத்தத்தோடு. ஒரே திசையில் மெதுவாக நெருங்கும் இரண்டு விமானங்களுக்கு வெறும் விநாடிக் கணக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லும். பக்கத்தில் வந்த பிறகும் அப்படியே சொல்லும். அதனால் ஒரு குறைந்தபட்சத் தூரத்தையும் கணக்குக்குள் சேர்த்தார்கள்.

700 அடி நிலைக்கவில்லை. கருவிகளை நம்பிப் பறக்கும் விமானங்களுக்கும் கண்ணை நம்பிப் பறக்கும் விமானங்களுக்கும் இடையே 500 அடி உயர வித்தியாசம் இருந்தால் போதும் என்பது வானில் அன்றாட நடைமுறை. 700 அடி என்று வைத்தால் சட்டப்படி சரியாகப் பறக்கும் விமானத்தைக் கண்டும் ஆளில்லா விமானம் பதறும். அதனால் எண் 450 அடி ஆனது. ஆய்வகத்தில் பிறந்த எண்ணை வானில் வேலை செய்கிறவர்களின் அனுபவம் திருத்தியது. விலகலின் அளவு இப்படித்தான் பிறந்தது: 4,000 அடி, 450 அடி, 35 விநாடி.

எண் கிடைத்ததும் மற்றவை அதன்மேல் வேகமாக எழும்பின. ரேடார் எத்தனை தூரம் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட முடிந்தது. எல்லை மீறப்படுவதற்குச் சராசரியாக 55 விநாடி முன்பே மஞ்சள் எச்சரிக்கை. அப்போது தரையில் இருக்கும் விமானி கட்டுப்பாட்டாளரிடம் ரேடியோவில் பேசி அனுமதி வாங்கித் திரும்பலாம். 25 விநாடி முன்பு சிவப்பு. அப்போது முதலில் திரும்ப வேண்டும், பிறகு பேசிக்கொள்ளலாம். திரையில் திசைகாட்டி வட்டத்தின் விளிம்பில் வண்ணப் பட்டைகள் தோன்றும். சிவப்புப் பட்டை இருக்கும் திசையில் திரும்பினால் எல்லை மீறும். பட்டை இல்லாத திசையில் திரும்பினால் தப்பலாம். விமானியின் தலைக்குள் 9 விநாடி பிடித்த உணர்தலையும் முடிவெடுத்தலையும் வட்டத்தின் மேல் வரைந்து காட்டுகிறது அந்தப் பட்டை. அதைக் கணிக்கும் தர்க்கத்தை நாசாவின் லாங்லி மையம் கணித நிரூபணத்தோடு எழுதியது.

ஐரோப்பாவிலோ, இந்த எண் பிறப்பதற்கு முன்பே, 2013 மே மாதம் ஜெர்மனி தன் யூரோ ஹாக் என்ற ஆளில்லா விமானத் திட்டத்தைக் கைவிட்டது. 50 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்த பிறகு, பொது வான்வெளியில் பறக்கச் சான்றிதழ் கிடைக்காது என்று தெரிந்தது. மோதல் தவிர்ப்பு ஏற்பாடு இல்லாதது முக்கியக் காரணம். விமானத்தை முதலில் வாங்கிவிட்டு வான்வெளியைப் பிறகு கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

நாசாவிடம் இக்கானா என்ற பிரிடேட்டர்-பி இருந்தது. கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் அதன்மேல் ரேடாரும் டீகாஸும் மற்ற விமானங்களின் ஒலிபரப்பைக் கேட்கும் கருவியும் ஏற்றினார்கள். அவை அனைத்தும் தரும் தகவலை ஒன்றாக்கும் நிரலையும் சேர்த்தார்கள். உயரத்தில் மட்டும் வித்தியாசம் வைத்துக்கொண்டு, ஆள் ஏறிய விமானங்களை அதன்மேல் மோத வருவதுபோல ஓட்டிச் சோதித்தார்கள். 2017-இல் ஆர்.டி.சி.ஏ. முதல் தரத்தை வெளியிட்டது. 2018 ஜூன் 12 அன்று இக்கானா காவல் விமானம் இல்லாமல் கிளம்பியது. ஏறக்குறைய 20,000 அடியில் பயணிகள் விமானங்களின் வான்வெளிக்குள் நுழைந்து வடக்கே ஃபிரெஸ்னோ பக்கம் திரும்பியது. லாஸ் ஏஞ்சலஸ் கட்டுப்பாட்டு மையம் அதை ஓக்லண்ட் மையத்திடம் ஒப்படைத்தது. திரும்பும் வழியில் சிறு விமானங்கள் பறக்கும் உயரத்துக்கு இறங்கி, விக்டர்வில் விமான நிலையத்தை 5,000 அடியில் அணுகி, கட்டுப்பாட்டாளர்களோடு பேசிவிட்டு எட்வர்ட்ஸுக்கே வந்து இறங்கியது. அசாதாரணமாக எதுவும் நடக்கவில்லை. அத்தனை ஆண்டு உழைப்பும் அதற்காகத்தான்.

பிறகு அளவுகள் கிளைவிட்டன. பெரிய ரேடாரைச் சுமக்க முடியாத விமானங்களுக்கு, டிரான்ஸ்பாண்டர் இல்லாதவற்றைச் சந்திக்கும்போது பக்கவாட்டில் 2,200 அடி. நேரக் கணக்கு இல்லை. விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் 1,500 அடி. கையில் தூக்கிப்போகும் சிறு ட்ரோன்களுக்கு 2,000 அடியும் உயரத்தில் 250 அடியும். டீகாஸ் ஏறு, இறங்கு என்று மட்டுமே சொல்லும். மெதுவாக ஏறும் ஆளில்லா விமானத்துக்கு அது போதாது என்பதால், பக்கவாட்டிலும் திரும்பச் சொல்லும் அகாஸ் எக்ஸ்-யு என்ற புதிய கருவிக்கு 2020-இல் தரம் வந்தது.

பிரிடேட்டர்-பி விமானக் குடும்பம் நம் ஊருக்கும் வந்துவிட்டது. 2020-இல் இந்தியக் கடற்படை குத்தகைக்கு எடுத்த இரண்டு எம்.கியூ-9பி சீகார்டியன்கள் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறந்தன. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறு காரணமாகச் சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் இறக்கப்பட்டது. அடுத்த மாதமே முப்படைகளுக்கும் சேர்த்து 31 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது.

4,000 அடியும் 35 விநாடியும் அமெரிக்க வானத்தின் ரேடார் பதிவுகளிலிருந்து கடைந்தெடுத்த எண்கள். நம் வானத்தின் கலவை வேறு. ராஜாளியிலேயே கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, தாம்பரத்தில் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது, மீனம்பாக்கத்தில் நாள் முழுக்கப் பயணிகள் விமானங்கள் இறங்குகின்றன, இடையில் சிறு ட்ரோன்களும் பெருகிவருகின்றன. அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் முன், இந்தப் பகுதியில் விமானங்கள் எப்படித் திரும்புகின்றன, எங்கே நெருங்குகின்றன என்று நம் ரேடார்களின் பதிவுகளை வைத்து அதே கேள்வியை நாமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 450 அடி இங்கேயும் சரியாக வரலாம்; மாற்றவும் வேண்டியிருக்கலாம். அந்தக் கணக்கைப் போடுவதற்கு, 31 விமானங்களும் வந்து சேர்வதற்கு முன்னாலிருக்கும் ஆண்டுகள்தான் ஏற்ற காலம்.